கார்பனில் ஒரு எலக்ட்ரான் குறைகிறது

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. அங்கே குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், இங்கே நானும் உன் சித்தியும் சௌக்கியம்தான், என் மனசுதான் நான்கு நாளாகக் கொதிக்கிறது. இப்படித்தான் ஆகும் என்று நான் முதல் நாளே சொன்னேன். பள்ளிக்கூடத்துப் புது ஆய்வகச் சுவரில் அணு வரையத் தலைமையாசிரியர் கூப்பிட்டபோதே, ஐயா, படிச்சவங்க நடுவுல பெயிண்டருக்கு என்ன மரியாதை, கடைசியில பழி என் தலையிலதான் விழும் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள விட்டா இந்த வட்டாரத்துலயே ஆள் இல்ல என்றார், கண்ணில் தண்ணீர் வேறு. அது சுண்ணாம்புத் தூசு என்கிறாள் உன் சித்தி, அவளுக்கு என்ன தெரியும்.

சுவர் பன்னிரண்டு அடி உயரம். கொடுத்தது கார்பன் படம். நடுவில் கரு, அதற்குள் சிவப்பில் ஆறு புரோட்டான், வெள்ளையில் ஆறு நியூட்ரான், உள்வளையத்தில் இரண்டு எலக்ட்ரான், வெளிவளையத்தில் மேலே கீழே இடது வலது என்று நான்கு. புரோட்டான்களை நான் உருட்டிய உருட்டில் கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம் போல இருக்கும், ஒரு குழந்தை எடுக்கவே பார்த்தது. நியூட்ரான் உன் சித்தியின் தம்பி மாதிரி, பிளஸ்ஸும் இல்லை மைனஸும் இல்லை, ஆனால் எடைக்கு எடை நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் முடிந்து கைகழுவும் நேரத்தில் அந்த இயற்பியல் டீச்சரம்மா வந்து நின்று எண்ண ஆரம்பித்தாள். ஏங்க, உச்சியில ஒண்ணக் காணோமே, ஆறு பிளஸ்ஸுக்கு அஞ்சு மைனஸ்தான் இருக்கு, இது கார்பன் அணு இல்ல, அயனி, இதப் பாத்துப் பிள்ளைங்க பரீட்சையில எழுதினா யாரு பொறுப்பு என்று கேட்டாள். நான் விடுவேனா. அம்மா, எலக்ட்ரான் ஒரு இடத்துல நிக்கிற ஜாதி இல்ல, நான் வரைஞ்ச நேரத்துல அது சுவத்துக்குப் பின்பக்கம் சுத்தப் போயிருந்துச்சு, வேணும்னுதான் விட்டேன் என்றேன். ஐம்பது பேர் கூடிவிட்டார்கள், பாதிப் பேர் என் பக்கம். அவளோ சிரிக்கிறாள், அப்ப திரும்பி வந்ததும் வரைஞ்சிடுங்க என்கிறாள். எட்டாவது வரை படித்தவன் என்றால் இளக்காரம்தானே.

இதைச் சொன்னதே நீதான். போன தடவை போனில், எலக்ட்ரான் இங்கதான் இருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது சித்தப்பா என்று சொன்னாயா இல்லையா. அதைத்தான் நான் தலைமையாசிரியரிடம் சொன்னேன், அணு ஆராய்ச்சி பண்ற எங்க வீட்டுப் பொண்ணே சொல்லிருக்கு என்றேன். அவர் அசரவில்லை. எழுத்துல வாங்கிட்டு வாங்க, இல்லன்னா மாசக் கடைசியில வேற பெயிண்டர விட்டு முழுசா அழிச்சு வரையச் சொல்லிடுவேன் என்று சொல்லிவிட்டார். வரப்போகிறவன் யார் தெரியுமா, சலூன் போர்டில் சிங்கம் வரைந்து அது பூனையாக முடிந்ததே, அவன். என் கருவின் மேல் அவன் பிரஷ் படுவதா. நான்கு தடவை கூப்பிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. சித்தப்பா செய்தது சரி என்று உன் ஆய்வுக்கூடத்துத் தாளில் ஒரு வரி எழுதி, முத்திரை குத்தி அனுப்பு என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் உன் பெயரைப் பொய்க்குக் கீழே போடச் சொல்ல மனசு வரவில்லை. வேணும்னே விட்டேன் என்றேனே, அது மட்டும் இட்டுக்கட்டியது. ஏணியில் மூன்றாவது படியில் தலை சுற்றியது, இறங்கிவிட்டேன். மறுநாளும் ஏறினேன், அதே மூன்றாவது படி. வளையத்தின் உச்சியை நீளக் கம்பில் பிரஷைக் கட்டி இழுத்துவிட்டேன், உருண்டையை அப்படி வரைய முடியாது. அதனால் அந்த வரி வேண்டாம், இதற்கு மட்டும் பதில் எழுது. அது சுற்றிக்கொண்டே இருப்பது உண்மையானால், உச்சியில் விட்ட அந்த ஒன்று கீழே இறங்கி, என் கை எட்டும் இடத்தில், வேறொன்றின் பக்கத்தில் நிற்கலாமா? அறிவியல் அதற்கு இடம் கொடுக்குமா?

நீ எடுத்த ஆராய்ச்சி நல்லபடியாக முடியட்டும், காதை மூடாமல் வெளியே போகாதே. பதிலை என் பெயிண்ட் கடை விலாசத்துக்கே அனுப்பு, வீட்டுக்கு வந்தால் உன் சித்தி பிரித்துவிடுவாள், ஏணி விஷயம் அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் சித்தப்பா