கை வைக்காத படம்

என் அருமை மச்சான் ஏகாம்பரத்துக்கு,

நேற்று வைகாசி பௌர்ணமி. ஸ்டுடியோவில் உன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். நல்லா இருக்கியா என்று கேட்டால் சிரிப்பாய், அதனால் கேட்கவில்லை. நாங்கள் நன்றாகவே இருக்கிறோம். உனக்கு நான் செய்த ஒரு தப்பையும், அதை எப்படிச் சரி செய்தேன் என்பதையும் சொல்லத்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீ என் மனைவி தேவகியின் அண்ணன். பிள்ளையார்பாளையத்தில் நம் ஸ்டுடியோவை இருபத்தாறு வருஷம் சேர்ந்து நடத்தினோம். கேமரா உன்னுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது. நீ எடுக்கிற முகத்தை எல்லாம் நான் பத்து வயது குறைத்துக் கொடுப்பேன். கல்யாணப் பெண்ணின் பரு, தறிக்காரரின் கருவளையம், செத்துப்போன பெரியவரின் சுருக்கம், எதுவும் என்னிடம் தப்பாது. "கொஞ்சம் டச் பண்ணிக் குடுபா" என்று கேட்காத ஆள் இந்த ஊரில் நீ ஒருவன்தான்.

நாற்பத்தைந்து வயதில் நீ புத்தரிடம் போனாய். ஏகாம்பரம் என்று சிவன் பெயரை வைத்துக்கொண்டு எங்கே போய்விடப் போகிறான் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நீயும் ஒன்றும் சாமியார் ஆகிவிடவில்லை. காலையில் கடை திறந்ததும், வருகிறவர்கள் தலை சீவிக்கொள்ள மாட்டியிருக்கும் கண்ணாடி முன்னால் போய் நிற்பாய். எனக்கும் வயசாகும், எனக்கும் நோய் வரும், நானும் சாவேன், பிரியமானவர்களை எல்லாம் விட்டுப் பிரிவேன், நான் செய்தது மட்டும்தான் என்னோடு வரும் என்று ஐந்தையும் வரிசையாகச் சொல்லிக்கொள்வாய். அப்புறம் அதே கண்ணாடியில் தலை சீவுவாய்.

"காலங்காத்தால இன்னாண்ணா இது, சாவுப் பேச்சு?" என்பாள் தேவகி.

"சொல்லிக்கினா பயம் போவுதும்மா. அப்பறம் நாள் பூரா நிம்மதியா வேல பாக்கலாம்."

நிஜமாகவே உனக்குப் பயம் போனதா மச்சான்? கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

வருஷா வருஷம், புத்தர் பிறந்த வைகாசி பௌர்ணமியன்று நீ ஸ்டூலில் உட்காருவாய், நான் பட்டனை அழுத்துவேன். பாஸ்போர்ட் சைஸில் ஒரே ஒரு படம். ஸ்டுடியோ பீரோ கதவின் உள்பக்கம் வரிசையாக ஒட்டி வைப்பாய். மேலே கறுத்த மீசைக்காரன் ஒருவன். கீழே வர வர நெற்றி ஏறி, கன்னம் ஒட்டி, ஒரு பொங்கலன்று கரும்பு கடித்து முன்பல்லைத் தொலைத்தவன். "இதுல எவன்யா ஏகாம்பரம்?" என்று ஒரு நாள் கேட்டேன். "இப்ப உனுக்கு டீ வாங்கித் தரப்போறான் பாரு, அவன்" என்றாய். மேலே ஒட்டியிருந்தவர்களை நினைத்து நீ ஒரு நாளும் ஏங்கிப் பார்த்ததில்லை.

என் தலையைப் பார்த்தால்தான் உனக்குக் கிண்டல். "மாப்ள, சாயம் போடற வேலைய பட்டறைக்காரங்களுக்கு வுடு. பட்டுக்குப் போட்டா நிக்குது, உனுக்கு பதினஞ்சு நாள்ல வெளுத்துடுது." அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் என் கையைப் பிடித்துக் கேட்டாய். "நான் போனா, கடைசியா எடுத்த படத்த அப்படியே போடு. கை வைக்காத." சரி என்று சத்தியம் செய்தேன்.

மாசியில் ஒரு காலை குளிக்கப் போன நீ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் அஞ்சலி பேனர் வேண்டும் என்றார்கள். அதைச் செய்ய இந்தத் தெருவில் என்னை விட்டால் யார்? நீ சொன்ன கடைசிப் படத்தைத்தான் திறந்தேன். நான் அழுதுகொண்டிருந்தேன், கை தன் பாட்டுக்குக் கடை வேலையைப் பார்த்தது. சுருக்கம் போனது, நரை கறுத்தது, பல் முளைத்தது.

பேனரைத் தெருமுனையில் கட்டினோம். நமக்குத் தினமும் டீ போடும் விஜயா அம்மா அன்று லேட்டாகத்தான் கடை திறக்க வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, முகம்தான் அடையாளம். அண்ணாந்து பார்த்துவிட்டு, "யார்பா இந்தத் தம்பி? பாவம், சின்ன வயசா இருக்குதே" என்றாள்.

"நம்ம ஏகாம்பரம்மா."

"ஐயோ, அவுரா? அவுரு படத்தப் போடாம யார் படத்தப்பா கட்டிக்கினு கீற?"

அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. உனக்குக் கொடுத்த வாக்கு, நீ போன பிறகு அரை நாள்கூடத் தாங்கவில்லை. வேறு பேனர் அடிக்க நேரமில்லை. அதற்குக் கீழேதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த வெட்கத்தை என்னால் விழுங்க முடியவில்லை மச்சான்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. அன்று திறக்கிற படம்தான் காலத்துக்கும் வீட்டில் தொங்கப் போவது, அதையும் கோட்டை விட்டால் அவ்வளவுதான். ஆனால் உன் மனைவி செண்பகம் அக்காவுக்குப் பேனர் படமே பிடித்துவிட்டது என்று தேவகி சொன்னாள். அழுகிறவரிடம் போய், உங்கள் வீட்டுக்காரரைக் கிழவனாக்கித் தருகிறேன் என்று எப்படிச் சொல்வது? இரண்டையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நீ கேட்டதையும் நான் செய்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

அக்கா பேனர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மற்றதை மடியில் வைத்துக்கொண்டு, பல் போன இடத்தில் விரலை வைத்தார்.

"கரும்பு கடிக்காதீங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன், கேட்டாரா? அந்தப் பையன் அழகாத்தான் கீறான். ஆனா நான் மாத்திர எடுத்துக் குடுத்தது இவருக்குத்தான்பா. இவரையே மாட்டு."

மாட்டினோம். திரையை விலக்கியதும் சொந்தக்காரர்கள் சிலர், இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்தார்கள். விஜயா அம்மா மட்டும், "இதோ கீறாரு பாரு" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

நேற்று உன் ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். மாசியிலிருந்து சாயம் போடவில்லை. வேரில் வெள்ளை, நுனியில் செம்பட்டை, பார்க்கச் சகிக்கவில்லை. உட்காருவதற்கு முன்னால் கண்ணாடி எதிரே நின்று, நீ சொல்கிற ஐந்தையும் சொன்னேன். முதல் மூன்றையும் தைரியமாகவே சொல்லிவிட்டேன். நாலாவதில் நீ வந்து நின்றாய். ஐந்தாவதில் அந்தப் பேனர் ஞாபகம் வந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

தேவகிதான் படம் எடுத்தாள். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன், வேறு எதற்குமில்லை, சும்மா பார்க்கத்தான். "மவுஸத் தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள். அவளே பிரிண்ட் போட்டு, உன் கடைசிப் படத்துக்குக் கீழே ஒட்டினாள். நரைத்த எலி மாதிரி இருக்கிறேன். பரவாயில்லை, அது நான்தான்.

நீ சொன்னது சரி மச்சான், பயம் போகத்தான் செய்கிறது. உன்னைத் தேடுவதுதான் நிற்கவில்லை. அதற்கும் உன்னிடம் ஏதாவது இருந்ததா?

கேட்டு வருகிறவர்களுக்குச் சுருக்கத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பேன், அது பிழைப்பு. ஆனால் இருக்கிற வரைக்கும் வைகாசி பௌர்ணமிக்கு ஸ்டூலில் உட்காருவேன், வருகிற முகத்தை வந்தபடியே ஒட்டுவேன். இந்த முறை என் சத்தியத்தை நீ நம்ப வேண்டாம். அன்றைக்கு மவுஸ் உன் தங்கையின் முந்தானையில் முடிந்திருக்கும். பீரோ கதவில் இன்னும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டிய,
நரைத்துவிட்ட மாப்பிள்ளை