வட்டாவில் இறால் கோது

செட்டிபாளையம்,
12.05.2012

அன்புள்ள மகன் உதயரூபனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் தங்கச்சிக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, உனக்கும் அப்படியே இருக்கட்டும் என்று தொடக்கத்திலேயே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு வரப்போவதில் இனிப்பான பேச்சுக் குறைவு. தொலைபேசியில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன், இரண்டு தரமும், அம்மா கடையில சனம், பிறகு எடுக்கிறன் என்றாய். கடிதத்தை நீ இடையில் துண்டிக்க முடியாது. தங்கச்சி பிரஷாந்திக்கு ஆவணியில் கலியாண நாள் வைத்தாயிற்று. மாப்பிள்ளை சுதாகரனின் வீட்டார் குருக்கள்மடத்திலிருந்து வந்து பேசிப்போனார்கள், நல்ல மனிதர்கள், சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த இந்த வீட்டுக் கூரை ஒழுகுவதைக் கண்டும் காணாததுபோல இருந்தார்கள். வெற்றிலையை நான் ஒரு பிளாஸ்டிக் தட்டில்தான் வைத்தேன். சுதாகரனின் தாய் பகிடியாக, என்னகா, வட்டாவும் லண்டனுக்குப் போயிற்றோ என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், பிரஷாந்தி மட்டும் சிரிக்கவில்லை.

நீ மது விற்கிறாய் என்பதில் எனக்குக் கோபம் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அம்மா பழைய காலத்து மனுசி என்று கூட்டாளிகளிடம் சொல்லித் தப்பிவிடாதே. கள்ளுத் தவறணையில் குடித்துவிட்டு றோட்டில் சண்டை பிடிக்கிற ஆண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான், போன மாதம் லண்டனுக்கு உன்னிடம் வந்தபோது பார்த்தேன், உன் பப்பில் குடும்பமாக வந்து இருந்து சாப்பிடுகிறார்கள், மேசைக்குக் கீழே நாய்கூடச் சத்தம் போடாமல் படுத்திருக்கிறது. கறுப்புப் பூச்சுப் பூசிய முன்பக்கம், தொங்கவிட்ட பூச்சட்டிகள், கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதிய சாப்பாட்டு விபரம், அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தாலும், எல்லாம் வடிவுதான். தேசிக்காய்த் தண்ணியை ஜாம் போத்தலில் கொண்டுவந்து தந்தார்கள், இவ்வளவு பெரிய கடையில் கிளாஸ் இல்லையா என்று கேட்டதற்கு இதுதானம்மா இப்ப ஸ்டைல் என்றாய், சரி. கணவாய்ப் பொரியல் உண்மையிலேயே நன்றாக இருந்தது, நான் செய்வதைவிட மெதுமை. அந்தச் சந்தோஷத்தோடு நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்து மேசைக்கு நீ அதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். வீட்டுக்கு வந்தவர் முன்னால் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுகிற நம்முடைய பித்தளை வட்டா. அதில் மிளகு போட்டுப் பொரித்த இறால் குவிந்திருந்தது. அந்த நான்கு பேரும் உரித்து உரித்துத் தின்று கோதை அதிலேயே போட்டார்கள், ஒருவர் பியர் துடைத்த கடதாசியையும் கசக்கிப் போட்டார். அவர்களில் பிழை இல்லை, அவர்களுக்கு அது ஒரு தட்டு. உனக்கு என்ன?

அதோடு விட்டாயா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கதை சொன்னாய். சுனாமி வந்து மூன்றாம் நாள் நீயும் நானும் இடிந்த வீட்டு மணலைக் கையால் தோண்டினோமாம், அப்பா கிடைக்கவில்லையாம், இந்த வட்டாதான் கிடைத்ததாம். தடக்குப்படாமல் வந்தது ஒவ்வொரு சொல்லும், பலதரம் சொல்லிப் பழகிய வாய். உனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தவளே பக்கத்து மேசையில் இருக்கிறாள் என்பதும் உனக்கு மறந்துபோயிற்று. அந்த மேசையில் இருந்த பெண் கண் கலங்கி எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அப்பா கிடைத்தார், உதயா. இரண்டாம் நாள் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் கிடைத்தார், நானும் சித்தப்பாவும் அடையாளம் சொல்லி, பாயில் சுற்றி அடக்கினோம். நீ அப்போது லண்டனில் இருந்தாய், நாலாம் நாள்தான் உன் குரலையே கேட்டேன். விசா இல்லாமல் உன்னால் வரமுடியாதென்று எனக்குத் தெரியும், வரவில்லை என்று ஒரு நாளும் உன்னைக் குறை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் வட்டாவை நீயும் கண்டெடுக்கவில்லை, நானும் கண்டெடுக்கவில்லை. காத்தான்குடியிலிருந்து சேலைப் பொட்டணியோடு வந்து நம் வாசலில் இருந்து விற்பாரே ஹவ்வா உம்மா, அவர்தான் மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு பழைய பித்தளைக் கடைக் குவியலுக்குள் கண்டு, கால்பக்கத்தில் நெளிந்து இருக்கும் நசுக்கைத் தடவிப் பார்த்து வாங்கினார். அன்றைக்கு ஹர்த்தால், பஸ் இல்லை. அதை முக்காட்டுத் தும்பில் சுற்றிக்கொண்டு நடந்தே முகாமுக்கு வந்து என் மடியில் வைத்தார். புள்ள, இது ஒங்கட ஊட்டு வட்டா, இதில எத்தின வெத்தில திண்டிரிப்பன், எனக்குத் தெரியாதா என்றார். அவருடைய தம்பி பதியுதீனையும் அதே கடல்தான் கொண்டுபோனது என்று அன்றைக்கு ஒரு சொல் சொல்லவில்லை, பிறகு வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். உன் கதையில் இந்த மனுசி எங்கே?

இதை யோசித்து யோசித்து எனக்கு ஒன்று விளங்குகிறது. தோண்டக் கிடைக்காத மணலை நீ அந்த மேசைகளுக்கு முன்னால் நின்று தோண்டுகிறாய். விளங்குகிறது, ஆனால் விளங்கியதால் என் கோபம் குறையவில்லை. என் பிழையையும் எழுதுகிறேன். நம் பக்கத்தில் வீடும் வீட்டுச் சாமானும் பெண்பிள்ளைக்குத்தான், வட்டா பிரஷாந்தியினுடையது. யுத்தம் முடிந்து நீ முதல்தரம் வந்தபோது அப்பாவின் ஞாபகமாக வைத்திருக்கிறன் என்று கேட்டாய், கடைசியாகத் தகப்பனின் முகம் பார்க்கக் கிடைக்காத பிள்ளை என்று, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துத் தந்தேன். இரண்டாவது பிழை போன கிழமை செய்தேன். உன்னிடமிருந்து திரும்பி வந்ததும் சொக்லேட் கொண்டு ஹவ்வா உம்மாவைப் பார்க்கப் போனேன். கண்பார்வை நன்றாகக் குறைந்துவிட்டது, குரலை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறார். முதல் கேள்வியே, மகன் வட்டாவ நல்லா வெச்சிரிக்காரா என்பதுதான். கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறான் உம்மா என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கையை வைத்தார். முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பொய் சொன்னால் பிள்ளைகளுக்கு அடித்தவள் நான், உனக்காக அந்த மனுசியிடம் பொய் சொல்லிவிட்டு வந்து பஸ்ஸில் அழுதேன்.

ஆகவே மகன், ஆடி முடிவதற்குள் நீ வரவேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், பார்சலிலும் போடவேண்டாம், நீயே கொண்டு வா. கலியாணத்துக்கு வட்டாவில் வெற்றிலை வைத்து அழைக்கப் போகும் முதல் வீடு ஹவ்வா உம்மாவுடையது, தமையன் என்ற முறையில் நீதான் இரண்டு கையாலும் நீட்டவேண்டும். அவர் கால்பக்கத்து நசுக்கைத் தடவிப் பார்ப்பார். அப்போது உன் கடையில் சொல்கிற கதையை அவருக்கு முன்னால் சொல்ல வாய் வருகிறதா பார். வராவிட்டால் திரும்பிப் போய் அந்த மேசைகளில் அவருடைய பெயரைச் சொல்லு. நான் வேறொன்றும் கேட்கவில்லை.

குளிருக்குள் வெறும் சேர்ட்டோடு பீப்பா தூக்காதே, அந்த இருமல் எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானத்தில் ஒரு பிடி சோறாவது தின். கோபத்தில் எழுதினாலும் உன் தொழில் தழைக்கவேண்டும், நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும் என்றுதான் தினமும் விளக்கு வைக்கிறேன்.

மறக்காதே, கொண்டுவர முதல் வட்டாவைப் பழப்புளி போட்டு நன்றாகத் தேய், சவர்க்காரம் போதாது. ஹவ்வா உம்மாவுக்குக் குறைந்தது கண் மட்டும்தான். இறால் மணம் தெரியும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத,
அம்மா