திவான் பகதூர் மீது ஒரு மனு

11.10.1998
இன்று மாலை நம் அரண்மனைக்கு (டைப் டூ குவார்ட்டர்ஸ், சமையலறை ஒழுகும்) ஒரு நாய் எழுந்தருளியது. கொண்டுவந்தவள் அக்கா மகள் சண்முகப்ரியா. சென்னையில் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறாள். நாய்க் காப்பகத்தில் எட்டு மாதமாக யாரும் சீந்தாத உருப்படியாம். கண் இரண்டும் மிளகாய்ப் பழம், ஓரத்தில் பசை வேறு.

“இதுக்குக் கண்ணீரே சுரக்காது மாமா. ஆயுசுக்கும் தினம் நாலு வேளை சொட்டு மருந்து. விட்டா பார்வை போயிடும். ஆனா யாருக்கும் ஒட்டாது.”

கண்ணீரே வராத ஜீவன்! கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இந்த வீடு அப்படி ஒன்றைக் கண்டதில்லை. பார்வதியிடமே இதைச் சொன்னேன். ராத்திரி வெறும் ரசம்.

திவான் பகதூர் என்று பெயர் சூட்டியாயிற்று. “நான் அதைத் தொடவே மாட்டேன்” என்கிறாள் பார்வதி.

14.10.98
சுரங்கத்தில் ஏழு மாடி உயர மெஷினை ஒற்றை ஆளாக ஆட்டிவைக்கிறவன் நான். இன்று மூன்று சொட்டில் ஒன்று நாயின் கண்ணில், ஒன்று என் மூக்கில், ஒன்று காலண்டர் முருகன் மேல்.

2.11.98
பக்கத்து வீட்டு வெல்டர் பிராங்க்ளினுக்கு மெட்ராஸ் ஐ. கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்று முழங்கினார்.

“இன்னா சார், இந்த நாய வூட்ல வச்சிகினு... அது பாத்தாலே ஒட்டிக்கிது சார்!”

“ராப்பகலா என்னைத்தான் பாக்குது. என் கண்ணைப் பாருங்க” என்று நெருங்கினேன். பண்ருட்டி வரைக்கும் பின்வாங்கினார்.

4.11.98
நாயைத் துரத்தச் சொல்லிக் குவார்ட்டர்ஸ் ஆபீசுக்கு மனு! ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். பிராங்க்ளின் வீடு வீடாகப் போகிறார். கண்ணைக் கசக்குவார், அதே கையால் பேனாவை நீட்டுவார். எல்லாருக்கும் அந்த ஒரே பேனா. நம் வாசலை மிதிக்க அவருக்கு ஏது துணிச்சல்!

6.11.98
கையெழுத்துப் போட்ட வீடெல்லாம் கறுப்புக் கண்ணாடி. நம் வரிசையே ரகசியப் போலீஸ் இலாகா மாதிரி இருக்கிறது. பரப்பியது பேனா, பழி நாய்க்கு. நாயோடு குடித்தனம் நடத்தும் என் வீட்டில் மட்டும் வெள்ளை முழி. வேறென்ன சாட்சி வேண்டும்?

எட்டாம் தேதி ஆபீசிலிருந்து சூப்பர்வைசர் வருகிறார். தோற்றால் திவான் மறுபடி காப்பகத்துக்கு. நூறு நாய்களுக்கு நடுவே இதற்கு நாலு வேளை யார் ஊற்றப் போகிறார்கள்? குருடாகிவிடும். இன்று சாயங்காலம் சுவரில் முட்டிக்கொண்டது. பார்வதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

7.11.98
பார்வதிக்குக் கண் சிவந்துவிட்டது. போச்சு.

8.11.98
சூப்பர்வைசர் மனுவும் கையுமாக வந்தார். பின்னால் பதினொரு கறுப்புக் கண்ணாடிகள்.

“பாத்துக்கோங்க சார், அவங்க வூட்டம்மாவுக்கே வந்துட்ச்சி!” என்றார் பிராங்க்ளின்.



பார்வதி உள்ளேயிருந்து வந்தாள். “நாயால இல்ல சார், பேனாவால. இவங்க ஷிஃப்ட்டுக்குப் போனப்புறம் நானும் கையெழுத்துப் போட்டேன்.”

சூப்பர்வைசர் மனுவைப் பார்த்தார். எட்டாவது பெயர் பார்வதி. கண்ணாடிகளைப் பார்த்தார். மனுவைச் சட்டென்று பிராங்க்ளின் கையில் திணித்து, விரல்களைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். “நாய் இருந்துட்டுப் போகட்டும்” என்று சைக்கிளை மிதித்தவர் திரும்பியே பார்க்கவில்லை.

சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஏன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?” பார்வதியிடம் கேட்டே விட்டேன்.

“எனக்கு நாய்னா பயம். சொன்னா கேலி பண்ணுவீங்க. எதைச் சொன்னாலும் கேலிதானே பண்றீங்க?”



10.11.98
இரண்டு நோயாளிகள், இரண்டு புட்டிகள். பார்வதி நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்தாள். அவளுடைய புட்டியைத் திறந்தேன்.

“முதல்ல அதுக்கு ஊத்துங்க. வேளை தப்பிடும்.”

எழுந்து வந்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, அதன் தாடையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.