பதினோரு மணிக்காரர்

மார்ச் 4, செவ்வாய்

நாத்தனார் அவர்களுக்கு,

அண்ணி எழுதுவது. நாலு வருடம் கழித்து எழுதுகிறோமே, ‘நீங்கள்’ என்று மரியாதையாகவே ஆரம்பிப்போம் என்றிருந்தேன். முதல் வரியிலேயே கை ஓட மாட்டேன் என்கிறது. நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே என் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்த பதினோரு வயது வாலை எப்படி ‘நீங்கள்’ என்பது? ‘நீ’ என்றே எழுதுகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். பத்து நாளாக எங்கள் பல் ஆஸ்பத்திரிக்குத் தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரு ஆள் உன்னைக் கேட்டுப் போன் செய்கிறார். முன் மேஜையில் போன் எடுப்பது நான்தானே.

“மேடம், அவங்க உங்க நம்பரைத்தான் கொடுத்திருக்காங்க. அவங்க போன் அணைச்சே இருக்கு. எங்க இருக்காங்கன்னு சொல்ல முடியுமா?”

“நீங்க யாரு?”

“அது அவங்க சொந்த விஷயம் மேடம். உங்ககிட்ட சொல்லக் கூடாது.”

எனக்கா தெரியாது? எங்கள் டாக்டரே, பல்லைக் கட்டிக்கொண்டு பணம் கட்டாமல் மறைந்துபோகிறவர்களின் பட்டியலை இப்படி ஒரு கடன் வசூல் நிறுவனத்திடம்தான் கொடுப்பார். குரலைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. “கொஞ்சம் இருங்க” என்று சொல்லி, ‘உங்கள் புன்னகை எங்களுக்கு முக்கியம்’ என்று பாடுகிற பதிவைப் போட்டுவிட்டேன். பன்னிரண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தார். பொறுமைசாலிதான். ஆனால் பேசும்போது இடது பக்கமாகக் காற்றை இழுக்கிறார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஏதோ கோளாறு, பந்தயம் கட்டுகிறேன்.

என்ன கடன்? யாரிடம் வாங்கினாய்? அதைவிட முக்கியமாக, உலகத்தில் இத்தனை பேர் இருக்க, முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிப்போன என் நம்பரை ஏன் கொடுத்தாய்?

உன் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் கிளம்பிவிடுவார். அவர் நலம். நானும் நலம்தான், காலை ஆறரைக்கே வெயில் நேராகக் கண்ணில் குத்தி எழுப்பிவிடுகிறது என்பதைத் தவிர.

பதில் எதிர்பார்க்கவில்லை. ஆனால் போடு.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


மார்ச் 8, சனி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் முதலில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் பிரித்தேன்.

போனை அணைத்து வைத்திருப்பது உண்மைதான். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கூப்பிடுகிறார்கள். ஜன்னல் அளவெடுக்க ஒரு வீட்டில் ஏணி மேல் நிற்கும்போது அடிக்கிறது. எடுத்தால் “எப்ப கட்டுவீங்க?”, எடுக்காவிட்டால் மறுபடியும். வீட்டுக்காரம்மா கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடை ஷட்டரையும் பாதிதான் தூக்கி வைத்திருக்கிறேன். யாராவது தட்டினால் மெஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். திரைச்சீலை வாங்க வந்தவர்களே இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. சிரிக்காதீர்கள்.

கடன் உங்களுக்குத் தெரிந்ததுதான். கனத்த துணி தைக்கிற பெரிய மெஷினைத் தவணையில் வாங்கினேனே, அது. உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கீழ்த்தளத்தில் இருந்த கம்பெனி. அதை மூடிவிட்டார்களாம். பழைய பாக்கிகளையெல்லாம் இந்த வசூல்காரர்கள் மொத்தமாக வாங்கியிருக்கிறார்களாம். அதில் என் கடைசித் தவணை நிற்கிறதாம். வட்டியும் அபராதமும் ஏறி, இப்போது கிட்டத்தட்ட மெஷின் விலையே கேட்கிறார்கள். எப்படியோ விட்டுப்போயிருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை அண்ணி. அந்த நேரத்தில் நம் யாருக்குமே மனசு சரியில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். அடுத்த தெருவில் பை தைக்கிறவர் மெஷினை வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை காலையில் வந்து தூக்கிக்கொண்டு போவார். அந்தப் பணத்தைக் கட்டிவிட்டால் உங்களுக்கும் போன் வராது. அது இல்லாமல் கனத்த துணி தைக்க முடியாது, ஓட்டல் ஆர்டர் ஒன்று போய்விடும், அவ்வளவுதான். சின்ன மெஷினை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

உங்கள் நம்பரை ஏன் கொடுத்தேன் என்று கேட்டீர்கள். “உங்களைப் பிடிக்க முடியலைன்னா யாரைக் கேட்கறது?” என்றார் அந்த வசூல் ஆள். வாயில் தானாக வந்தது அதுதான். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

மன்னித்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 12, புதன்

ஏ வாலு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் வருமோ வராதோ. எங்கள் ஆஸ்பத்திரியில் எடுக்கும் பல் அச்சுகளை உன் ஊரில் இருக்கும் பல் செட்டு செய்யும் கூடத்துக்குத் தினமும் எடுத்துப்போகும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். ஷட்டரை மூன்று தடவை தட்டி “பல் செட்டு” என்பார். பயப்படாமல் திற.

‘யாரையும் குறை சொல்லவில்லை அண்ணி’ என்ற வரியை நாலு தடவை படித்தேன். என்ன அர்த்தம் அதற்கு? மாதாமாதம் நீ அனுப்பிய பணத்தைக் கீழ்த்தளத்தில் இறங்கிக் கட்டியது நான். கடைசி மாதம் நமக்குச் சண்டை. ஆகவே கோபத்தில் உன் பணத்தைக் கட்டாமல் விட்டுவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டாய், அப்படித்தானே? என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதைவிட, கேட்டு என் முகம் சுருங்குவதைவிட, சோறு போடுகிற மெஷினை விற்பது உனக்குச் சுலபமாகத் தெரிந்திருக்கிறது.

முதலில் பற்றிக்கொண்டு வந்தது. துணி மடித்துக்கொண்டே உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாதி துணி மடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. உன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, மிச்சத் துணியை அவர் மடித்தார்.

கேட்டுக்கொள். நான் கட்டிவிட்டேன். உன் கடைத் திறப்பு விழாவில் நான் எல்லார் முன்னாலும் “எல்லாரும் ரெடிமேடா வாங்கறாங்க, இந்தக் கடை மூணு மாசம் தாங்குமா?” என்று கேட்டேன். “உங்க வீட்டு ஜன்னலுக்கு நான் ஜென்மத்துக்கும் தைக்க மாட்டேன்” என்று நீ சொன்னாய். மறுநாள் காலையே போய்க் கட்டினேன். “சீக்கிரம் முத்திரையைக் குத்தும்மா, இவளுக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை” என்று கவுண்டர் பெண்ணிடம் புலம்பிக்கொண்டேதான் கட்டினேன். ‘முழுவதும் தீர்ந்தது’ என்று அவள் எழுதிக் கொடுத்தாள்.

அந்த ரசீதையும் உன் மற்றக் காகிதங்களையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, அந்த வாரமே உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பினேனே. எங்கே அது?

இனி நான் சொல்கிறபடி செய். மெஷினைக் கொடுக்காதே. போனில் ‘ஆமாம், பாக்கிதான்’ என்று சொல்லாதே. ‘எந்தக் கடன், எந்தத் தேதி, என்ன ஆதாரம், எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள்’ என்று கடிதம் எழுது. ரசீதின் நகலை அதோடு வை. அசலை யாரிடமும் கொடுக்காதே. தபாலுக்கு ஒப்புகை வாங்கு. பத்தொன்பது வருடமாக இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், காகிதத்தைக் காட்டினால் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள்.

பெட்டியைத் திற. முழுவதும் பார். அடி வரைக்கும்.

அண்ணி


மார்ச் 13, வியாழன்

அண்ணி, அண்ணி, அண்ணி,

பல் செட்டுக்காரர் வாசலில் நிற்கிறார், பதில் வாங்காமல் போகமாட்டாராம். நீங்கள் மிரட்டி அனுப்பினீர்களாமே. வேகமாக எழுதுகிறேன்.

பெட்டி இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாலு வருடமாக அதன்மேல்தான் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்கிறேன். சரியான உயரம். அண்ணன் கொண்டுவந்த அன்று “கனமா இருக்கு, எங்க வைக்கட்டும்?” என்று மட்டும்தான் கேட்டார். என் காகிதத்தையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டீர்கள், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். திறந்தால் அது உண்மையாகிவிடும் என்று பயம். ஆகவே திறக்கவே இல்லை.

இப்போது திறந்தேன். ரசீது இருக்கிறது. ஊதா முத்திரை, ‘முழுவதும் தீர்ந்தது’. உங்களைச் சந்தேகப்பட்ட என் வாயில் அந்த மெஷினை வைத்தே நாலு தையல் போடலாம்.

அடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இருந்தது. ‘நோயாளி பெயர்’ என்ற இடத்தில் ‘ஜன்னல்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே படுக்கையறை இரண்டு, கூடம் மூன்று, சமையலறை ஒன்று, மாடிப்படி ஒன்று. ஏழு ஜன்னலுக்கும் அளவு. அதற்கும் கீழே, ‘நான் சொன்னது தப்பு. உன் கடையில் முதல் ஆர்டர் என்னுடையதாக இருக்கட்டும். நிறம் நீயே பார்த்துப் போடு. அவசரமில்லை.’

நாலு வருடம் அண்ணி. அவசரமில்லை என்று எழுதிவிட்டு நாலு வருடம் காத்திருந்தீர்களா? ஆறரைக்கு வெயில் கண்ணில் குத்துகிறது என்று எழுதினீர்களே, இதனால்தானா? அந்த ஜன்னல்களில் இப்போது என்னதான் தொங்குகிறது?

அவர் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அழுதுகொண்டே எழுதுவதால் மை பரவுகிறது. பை தைக்கிறவரிடம் மெஷின் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் இன்று சாப்பாடு.

உங்கள் வாலு


ஏப்ரல் 2, புதன்

அன்புள்ள வாலுக்கு,

பழைய படுக்கை விரிப்புதான் தொங்குகிறது. வேறென்ன? எதிர்வீட்டு அம்மா நாலு வருடமாக “இன்னும் பெயின்ட் வேலை முடியலையா?” என்று கேட்கிறாள். உன் அண்ணன் ஒரு தடவை ரெடிமேட் திரை வாங்கலாமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் அப்புறம் கேட்கவில்லை. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாய் என்று நான் நினைத்தேன். திறக்காத பெட்டிமேல் நீ இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டிருப்பாய் என்று கண்டேனா?

உன் கடிதமும் நகலும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் பதினோரு மணிக்காரர் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது.

“மேடம், அந்த ரசீது எங்க பட்டியல்ல ஏறவே இல்ல. தப்பு எங்க பக்கம்தான். எழுத்துல அனுப்பறோம். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

“அதெல்லாம் சரி. இடது பக்கம், கீழ, கடைவாய்ப் பல். எத்தனை நாளா வலி?”

மறுபடி காற்றை இழுத்தார். “மூணு வாரமா” என்றார். “பணம் கேட்கற ஆளு பல்வலின்னு லீவு போட முடியுமா மேடம்?”

சனிக்கிழமை வந்தார். ஒல்லியாக, வெளுத்துப்போன சட்டையில், உன்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். இவனுக்கா ஷட்டரைப் பாதி இறக்கினாய்? டாக்டர் பல்லைப் பிடுங்கினார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து கணக்கை முழுவதும் கட்டினான். ரசீதை இரண்டு தடவை படித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் சிரித்ததும் பஞ்சோடு அவனும் சிரித்தான்.

உனக்கு அவர்கள் கடிதம் வந்ததா? அதைப் பெட்டியில் போடாதே. கண்ணில் படுகிற இடத்தில் மாட்டு.

உன் அண்ணி


ஏப்ரல் 9, புதன்

அன்புள்ள அண்ணிக்கு,

வந்துவிட்டது. ‘தங்கள் கணக்கில் பாக்கி ஏதுமில்லை, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ இஸ்திரி மேஜைக்கு மேல் மாட்டியிருக்கிறேன். ஷட்டரை முழுக்கத் தூக்கினேன். துரு பிடித்து நின்ற இடத்தில் அது கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்துவிட்டார். போனையும் போட்டேன். பெரிய மெஷினில் ஓட்டல் துணி ஓடுகிறது.

உங்கள் அளவுச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னல் அகலத்தையே திரை அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித் தைத்தால் பலகை மாதிரி நிற்கும். மடிப்பு விழ இரண்டு மடங்கு துணி வேண்டும். பல்லுக்கு அளவெடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர் இப்படியா?

படுக்கையறைக்கு வெயில் புகாத துணி போடுகிறேன். அதைத் தைக்கத்தான் பெரிய மெஷின் வேண்டும். அது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அண்ணனிடம் ஏணியை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கூலி பேசாதீர்கள், சண்டை வரும்.

உங்கள் வாலு


ஏப்ரல் 16, புதன்

என் வாலுக்கு,

நேற்று ஏழே முக்கால் வரைக்கும் தூங்கிவிட்டேன். உன் அண்ணனும்தான். அறை அவ்வளவு இருட்டு. தலையை வாரியும் வாராமலும் ஓடி, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனேன். டாக்டர் காரணம் கேட்டார். “திரைச்சீலை” என்றேன். ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

கூடத்துத் திரையை எதிர்வீட்டு அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “எங்க வாங்கினீங்க?” என்றாள். “வாங்கல, என் நாத்தனார் தைச்சா. அவளுக்குச் சொந்தக் கடை, கையில ஆர்டர் நிறைய, வரிசையில நிக்கணும்” என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் வந்தால் கொஞ்சம் காக்க வைத்துவிட்டுக் கொடு.

ஒரு குறை. சமையலறைத் திரை இரண்டு விரல் கட்டை. அளவு தந்தது நான்தான், இருந்தாலும் நீதான் வந்து சரிசெய்ய வேண்டும். உன் அண்ணன் ஏணியை உள்ளே வைக்கப் போனார். அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினோரு மணி ஆனால் கை தானாகப் போன் பக்கம் போகிறது. ஒரு மாதம் பழகிவிட்டது அல்லவா. நேற்றும் மணியைப் பார்த்தேன், இன்றும் பார்த்தேன், போன் சும்மாவே கிடக்கிறது. அந்த நேரத்தில் நோயாளிகளும் அதிகம் வருவதில்லை.

நம்பர்தான் உனக்கு மனப்பாடமாயிற்றே. நாளையிலிருந்து நீ கூப்பிடு. பாட்டுப் போட மாட்டேன், உடனே எடுப்பேன்.

உன் அண்ணி