நூற்றுப்பத்தில் பாதி

அன்புள்ள அத்தான்,

கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இருக்கும்போது நான் பேச ஆரம்பித்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். இப்போது எங்கே போவீர்கள்? ஊரே கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பேச்சை மீறிவிட்டேன். டெம்போவை விற்கவில்லை. விற்கவும் மாட்டேன்.

காய்ச்சலில் படுத்திருந்தபோது என்ன சொன்னீர்கள்? "வண்டியக் குடுத்துரு புள்ள. ஒரு மூலையக்கூட ஒழுங்காச் சேக்கத் தெரியாதவன், எனக்கு எதுக்கு வண்டி?" அதற்குப் பிறகு நீங்கள் பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை. இது மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது.

காரியம் முடிந்த கையோடு உங்கள் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் பிடித்துவிட்டார். "மதினி, ஞாயித்துக்கெழம வாராவ. பாத்துட்டு முடிச்சிருவோம். தையல் மெஷின மிதிக்கிற உங்களுக்கு டெம்போ என்னத்துக்கு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஓட்டுறதுக்கு எந்தம்பி இருக்கான். நீளப் பைப்ப வண்டி மேல வைக்கிற கேரியர் ஏறிட்டா, சோழபுரம், மம்சாபுரம் கெணத்துக்கெல்லாம் பைப் லோடு நமக்குத்தான்னு ராஜபாளையத்துக் கடைக்காரரு சொல்லிருக்காரு" என்றேன்.

"அந்தக் கேரியர அண்ணனாலயே முடிக்க முடியலயே?"

அவர் சொன்னது நிஜம்தான். அதற்காக விட்டுவிடுவேனா? நீங்கள் கேரியர் வேலையைத் தொடங்கிய செட்டியார்பட்டி வெல்டிங் பட்டறைக்கு மறுநாளே போய் நின்றேன்.

நீங்கள் அறுத்த நான்கு சதுரப் பைப்புகளும், முன்கால் இரண்டு, மேல்பைப் இரண்டு, ஓரமாகத் துருவேறிக் கிடந்தன. காற்று முட்டாமலிருக்கக் கேரியரின் முன்கால்கள் பின்பக்கம் சாய வேண்டும் என்று அடம்பிடித்தது நீங்கள்தானே? அதனால் முன்காலும் மேல்பைப்பும் சேரும் மூலை தொண்ணூறு டிகிரி இல்லை, நூற்றுப்பத்து. மூலை இடைவெளியில்லாமல் சேர, இரண்டு பைப்பையும் அதில் பாதிப் பாதிக் கோணத்தில் அறுக்க வேண்டும். பைப்பின்மேல் வெள்ளைப் பெயிண்டில் உங்கள் கையெழுத்து: நூற்றுப்பத்தில் பாதி, ஐம்பத்தைந்து.

வெல்டர் சிரித்தான். "அண்ணாச்சி மெஷின்லயும் அம்பத்தஞ்சே வச்சு அறுத்துட்டாவ அக்கா. மெஷினுக்கு நேர் வெட்டுதான் சீரோ. அதுலருந்து முப்பத்தஞ்சு சாய்ச்சிருக்கணும். அன்னைக்குப் பாத்து நான் லீவு. இனி இது பழைய இரும்புக்குத்தான்."

உங்களை மனதுக்குள் எம்புட்டுத் திட்டினேன் தெரியுமா? பாதி போட்டது சரி, அதைத் தொண்ணூறில் கழிக்க வேண்டாமா? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமா?

வீட்டுக்கு வந்து, ரவிக்கை வெட்டும் அட்டையில் கேரியரின் ஒரு பக்கத்தைச் சிறிதாக வரைந்தேன். மேல்பைப், கீழ்பைப், நடுவில் சாய்ந்த முன்கால். துணியின் ஓரத்தை மடித்துத் தைக்கிறவளுக்கு ஒரு மூலையைப் பாதியாக மடிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். மேல்மூலையை மடித்தேன். கீழ்மூலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மேலே நூற்றுப்பத்தாக விரிந்தால் கீழே எழுபதாகச் சுருங்கத்தானே வேண்டும்? எழுபதில் பாதி முப்பத்தைந்து. அதைத் தொண்ணூறில் கழித்தால்?

ஐம்பத்தைந்து அத்தான், ஐம்பத்தைந்து!

பட்டறைக்கு ஓடினேன். உங்கள் முன்காலைத் தலைகீழாகத் திருப்பி, மேல்பைப்பைக் கீழே போட்டு ஒட்டிப் பிடித்தேன். நடுவில் ஒரு தாள்கூட நுழையவில்லை. மறுமுனைகளை நீங்கள் இன்னும் அறுக்காததால் நீளமும் போதும். நீங்கள் தொடாமல் வைத்திருந்த கீழ்பைப்புகள் மேலுக்கு ஆயின. "இது எனக்குத் தோணலியே அக்கா" என்று வெல்டர் தலையைச் சொறிந்தான்.

மேல்மூலைகளை முப்பத்தைந்தில் வைத்து நானே அறுத்தேன். பொறி பட்டுச் சேலையில் ஓட்டை விழுந்தது. தைக்கத் தெரியும், பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை, டி.வி.யில் படம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். வெல்டர் பற்றவைத்து வண்டியில் ஏற்றியிருந்த கேரியரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. "நல்லாருக்கே, இதோட சேத்தே குடுப்பியளா?"

"வண்டியக் குடுக்கலைங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். உங்கள் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பட்டும். நாளைக் காலையில் முதல் லோடு மம்சாபுரம் போகிறது.

ஒரு மூலையைக்கூடச் சேர்க்கத் தெரியாதவன் என்றீர்களே. அடியில் இருந்து மொத்தப் பாரத்தையும் தாங்குகிற மூலைகள் நீங்கள் அறுத்தவை. இதைக் கேட்க இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கக் கூடாதா?

கேரியருக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கப்போகிறேன். அந்த ஐம்பத்தைந்தின்மேல் மட்டும் யாரையும் பிரஷ் வைக்க விடமாட்டேன். இது சத்தியம்.

வண்டியைக் கொடுக்காத
உங்கள் வீட்டுக்காரி,
செல்லத்தாய்