மூலைக் கடையை விட்டுக்கொடுத்தவளுக்கு

அக்கா,

இன்று காலை ஷட்டரைத் தூக்கும்போது பினாயில் வாசம் குப்பென்று அடித்தது. உடனே உன் நினைப்பு வந்துவிட்டது. பூ வாசத்திலும் சாம்பிராணி வாசத்திலும் போனவர்களை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்குப் பார், பினாயில். "போயும் போயும் உனக்கு இதானாடி கெடச்சுது" என்று நீ கேட்டிருப்பாய்.

நம் பழைய கடைகள் இருந்த இடத்தில் இப்போது ஆறு மாடி நிற்கிறது. கீழே கடைகள், அதற்கு மேலே பேங்க், அதற்கும் மேலே ஆபீஸ்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பாண்டிச்சேரி பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் தலையைச் சாய்த்து அண்ணாந்து பார்க்கிறார்கள். திண்டிவனத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கே சில நேரம் தோன்றும். ஆனாலும் நன்றாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். மழை வந்தால் வளையல் டப்பாக்களின் மேல் தார்ப்பாயைப் போட்டுக்கொண்டு அல்லாட வேண்டியதில்லை. பழைய கட்டடத்தை நினைத்து உருகுகிறவர்கள் யாரும் அதற்குள் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர்கள் இல்லை.

அங்கே எந்த வசதியும் இல்லை என்பது வேறு. கக்கூஸ் இல்லாததுதான் நம்மைக் கொன்றது. ஆண்கள் பின்சுவரோரம் ஒதுங்கிவிட்டு வந்துவிடுவார்கள். நாம் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போனால் போனதுதான். பஸ் ஸ்டாண்டில் இருந்ததற்குள் கால் வைக்க முடியாது. அதனால் நம் வரிசைப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே பழக்கம்: பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. டீயைக்கூடக் கடை அடைக்கிற நேரம் பார்த்துத்தான் வாயில் வைப்போம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண்கூடக் கொஞ்ச நாளில் தானாகப் பழகிக்கொள்வாள்.

சித்திரை வெயிலில் ஜாக்கெட் துணியை மெஷினில் ஓட்டிக்கொண்டே உதட்டை நாக்கால் நனைத்துக்கொள்வாய். பார்க்கச் சகிக்காமல், "ஒரு வாய் குடியேன்க்கா" என்பேன். "குடிச்சிட்டு? கிளியனூரு வரைக்கும் ஓடிட்டு வரட்டா?" என்று உன் வீடு இருந்த ஊரைச் சொல்லிச் சிரிப்பாய்.

கட்டடச் சொந்தக்காரர் இறந்துபோன பிறகு, சென்னையிலிருந்து அவர் மகன் வந்து நம்மையெல்லாம் கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டாரே, அந்தக் கூட்டம் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. புதுக் கட்டடத்தின் படத்தைத் திரையில் காட்டினார். பழைய கடைக்காரர்கள் எல்லாருக்கும் கீழ்த்தளத்திலேயே இடம் உண்டு என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உனக்கு ரோட்டைப் பார்த்த மூலைக் கடை. நீ கழுத்துச் சிலுவையைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாய்.

எல்லாருக்கும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். ஆண்கள் குடித்து முடித்துக் காலி பாட்டிலை நசுக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் மேஜையில் ஒரு பாட்டிலின் மூடியும் திறக்கவில்லை. சொந்தக்காரர் மகன் அதைக் கவனித்துவிட்டார்.

"ஏம்மா, தண்ணிய யாருமே தொடலயே. ரொம்ப ஜில்லுனு இருக்கா? வேற கொண்டுவரச் சொல்லட்டுமா?"

நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். நீ மட்டும் எழுந்தாய்.

"தண்ணி நல்லாத்தான் இருக்குது தம்பி. குடிச்சா எங்க போறது? உங்கப்பா கட்டடத்துல எங்களுக்குக் கக்கூஸ் கெடையாது. நீ காட்டுற படத்துலயும் கீழ ஒண்ணும் காணமே."

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோய், "இத நான் யோசிக்கவே இல்லம்மா" என்றார். மேலே ஆபீஸ்காரர்களுக்கு மட்டும்தான் வைத்திருந்தார்கள். இன்ஜினியரைக் கேட்டதற்கு, பைப் எல்லாம் அந்த மூலையில்தான் இறங்குகிறது, கீழே வைக்க வேண்டுமென்றால் மூலைக் கடை போய்விடும் என்றார்.

உட்காரு என்று உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாய்.

"அப்போ எனக்குப் பின்பக்கம் ஒரு கடை குடுங்க. ஆனா ஒண்ணு தம்பி. பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைங்களும் வந்து போவணும். பூட்டு போடக் கூடாது."

வெளியே வந்ததும் உன்னிடம் கத்தினேன். "பைத்தியமாக்கா உனக்கு? ரோட்டுக் கடைய எவளாவது வுடுவாளா?"

"தைக்கிறவள எங்க இருந்தாலும் தேடிக்கினு வருவாளுங்கடி. உன் வளையலத் தேடிக்கினு எவ வருவா?" என்றாய். அதோடு பேச்சு முடிந்தது.

மூன்றாவது மாடி எழும்பிக்கொண்டிருந்தபோது காய்ச்சல் என்று படுத்தாய். கிட்னியில் கிருமி, ரத்தத்திலும் ஏறிவிட்டது என்றார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னிடம், "தண்ணி நிறைய குடிக்கணும்மா" என்றபோது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். இன்னதனால் வந்தது என்று அவர்கள் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நீ ஒரு நாள்கூட உட்காராமல் போன அந்தப் பின்கடையில் இப்போது செஞ்சியிலிருந்து வருகிற ஒரு பெண் தைக்கிறாள். நன்றாகத்தான் தைக்கிறாள். அந்தப் பக்கம் போகும்போது மட்டும் நான் வேகமாக நடந்துவிடுவேன்.

போன மாதம் ஒரு நாள், மூலையில் கட்டிய கக்கூஸ் கதவில் பூட்டு தொங்கியது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிற மேனேஜர் போட்டது. கண்டவர்களும் வந்து அசிங்கம் பண்ணுகிறார்கள் என்று மேலே ஆபீஸில் புகாராம். இதற்கெல்லாம் நீ முன்னால் போவாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். அன்றைக்கு முன்னால் யாருமே இல்லை. நானே மேனேஜரிடம் போனேன்.

"சார், இந்த எடம் சும்மா வரல. எங்கக்கா தன் கடைய வுட்டுக் குடுத்து வாங்கினது. கழுவுறதுக்கு நாங்க ஆளு போட்டுக்கறோம். பூட்ட எடுங்க."

அவரும் வேலைக்கு வந்தவர்தானே. சங்கடப்பட்டுக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, போனை வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். அன்றிலிருந்து காலையில் முதல் வேலையாக அங்கே பினாயில் ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள்.

நேற்று மத்தியானம் நிறைமாதக்காரி ஒருத்தி, கையில் கட்டைப்பையோடு கடைக்கு வந்தாள். செஞ்சி பஸ்ஸுக்கு நிற்கிறவள். வளையலைப் புரட்டினாள், வைத்தாள், மறுபடியும் எடுத்தாள். அவள் பார்வை வளையலில் இல்லை. அப்புறம் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அந்த பாத்ரூமு ஆபீஸ்காரங்களுதா? யாரையாச்சும் கேட்டுக்கினு போவணுமா?"

"கேக்க வேண்டியவ எப்பவோ கேட்டுட்டா. நீ போய்ட்டு வாம்மா" என்றேன்.