கீழ்வீட்டு மீன்தொட்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆறரைக்குக் கீழே போனவர் எட்டேகாலுக்குத்தான் வந்தார். தரைத்தளத்து அம்மிணி மீன்தொட்டி வைத்ததிலிருந்து தினமும் இதே கதை. ரிடையராகி எட்டு மாதமாயிற்று. என்னிடம் பேசியதெல்லாம் "காபி", "சாவி", "ம்". அங்கே போனால் சிரிக்கிறார். மாடிப்படி வரை கேட்கிறது. வேங்கடசுப்ரமணியன் என்ற பெயரைச் சுருக்கி "வெங்கிட்டு" என்கிறாள் அவள். மாமியார் கூப்பிட்ட பெயர். எனக்கு இருபத்தெட்டு வருஷமாக "ஏன்னா"தான்.

பிப்ரவரி 6

எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை.

பொறாமைதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவரிடம் சொல்லாமல் குர்லாவில் மீன் கடைக்குப் போனேன். இரண்டடித் தொட்டி, ஃபில்டர், கூழாங்கல், குளோரின் போக்கும் மருந்து, ஆறு கப்பி மீன், ஆறு மோலி மீன். கடைக்காரர் பைசான், "மச்லி அபி நஹி, மேடம். மீனை அப்புறம் விடுங்க. பத்து நாள் வெறும் பானி ஓடட்டும்" என்றார். வெறும் தண்ணீரைக் காட்டி இவரை எப்படி வீட்டில் உட்கார வைப்பது? எல்லாவற்றையும் இன்றைக்கே வாங்கி, செம்பூரில் எங்கள் வீடு வரை ஆட்டோவில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தொடை மரத்துவிட்டது.

சாயங்காலம் இவர் கீழே போகவில்லை. "வால்ல கலர் இருக்கறது ஆண் கப்பி, தெரியுமோ?" என்றார். என்னிடம், முழுசாக ஒரு வாக்கியம்.

பிப்ரவரி 12

ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தினமும் குழாயடியில் வெள்ளை வெளேரென்று அலசிவிடுகிறேன். கீழே அவள் தொட்டியில் கல்லெல்லாம் பாசி. என்னுடையதில் ஒரு தூசி இல்லை.

பிப்ரவரி 14

காலையில் மூன்று மோலி செத்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. இவர் திட்டவில்லை. "அம்மிணியக் கேட்டுண்டு வரேன்" என்று இறங்கிவிட்டார். ஒரு மணி நேரம். நானே காசு செலவழித்து அனுப்பி வைத்திருக்கிறேன்!

பிப்ரவரி 15

அம்மிணி வந்தாள். கையில் ஒரு கிண்ணம். அதில் அவள் தொட்டி ஸ்பாஞ்சு, பழுப்பாக, சேற்று நாற்றத்தோடு. நான் தடுப்பதற்குள் என் தொட்டியில் பிழிந்துவிட்டாள்.

"என்ன பண்றே அம்மிணி?"

"இந்த அழுக்குலதான் நல்ல கிருமி இருக்கு, சாரு. மீனோட கழிவ அதுதான் தின்னும். நீ தெனம் குழாய்த் தண்ணில அலம்பி எல்லாத்தையும் கொன்னுட்டே."

இவர் தலையாட்டுகிறார். என் ஹால்ல, என் தொட்டி முன்னாடி, அவா ரெண்டு பேரும் ஒரு பக்கம். நான் என்ன மடச்சியா? யாருக்காக இதெல்லாம் பண்ணினேன்?

போகும்போது, "மொதல் தடவை எனக்குப் பத்தொம்போது மீன் போச்சு. ஒக்காந்து அழுதேன்" என்றாள். காபி கொடுக்காமலே அனுப்பினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தண்ணீர் தெளிந்துவிட்டது. ஒன்பதும் நீந்துகின்றன. இவர் கீழே போவதே இல்லை. சாயங்காலம் முழுக்கத் தொட்டிக்கு முன்னால், என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. அடை வார்க்கட்டுமா என்று கேட்டேன். "ம்."

ஜெயித்துவிட்டேன் போல.

மார்ச் 1

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். உள்ளே கூப்பிட்டாள். காபி கலந்தாள். என் ஆபீஸ் எப்படி இருக்கிறது, முழங்கால் வலி தேவலையா என்று கேட்டாள். யாராவது கேட்டு எத்தனை நாளாயிற்று. முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

மார்ச் 8, சனி

மூன்று நாளாகத் தொடர்ந்து கீழே போகிறேன். இன்றைக்கு ரயிலில் லேடீஸ் டப்பாவில் இடம் பிடிக்க அவள் போட்ட சண்டையைச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்போது போன். இவர்.

"எங்க இருக்கே? மணி எட்டாறது."

"அம்மிணி ஆத்துல."

"தெனம் அப்படி என்ன பேச்சு அங்க?" என்றார்.

"மீன் பாத்துண்டிருக்கேன்" என்றேன். இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வந்தேன்.